உச்சியில் கையைத் தளர்த்தாதே

செவ்வாய்க்கிழமை ஒரு நாளில் மட்டும் ஜாக்குலின் பதினான்கு தடவை கடலில் விழுந்தாள். பதினான்கும் ஒரே மாதிரி. பாய் நிறையக் காற்றோடு பலகை சீறிக்கொண்டு போகும். எதிரே அலை எழும். அதன் மேல் ஏறும்வரை எல்லாம் சரியாக இருக்கும். உச்சிக்கு வந்ததும், மேலே எழும்ப வேண்டிய பலகை சோர்ந்துபோய் மூக்கை அலைக்குள் குத்திவிடும். அவள் முன்னால் தூக்கி எறியப்பட்டு, மூக்கிலும் காதிலும் உப்புத்தண்ணீர் ஏற, லைஃப் ஜாக்கெட் இழுத்த இழுப்பில் மேலே வருவாள். பக்கத்தில் ரெஸ்க்யூ போட்டில் இருக்கும் அஸ்வின் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவான். உயிரோடு இருக்கிறாயா என்று அர்த்தம். இவளும் கட்டைவிரலைக் காட்டிவிட்டுத் திரும்பவும் பலகையில் ஏறுவாள்.

விண்ட்சர்ஃபிங் பலகை என்பது ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு பலகை, அதில் ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு பாய். பாயை இரண்டு கையாலும் பிடித்துக் காற்றை வாங்கிக்கொண்டு போக வேண்டும். அது அவளுக்கு நன்றாகவே வரும். வராதது குதிப்பது. அலையை மேடாக வைத்துக்கொண்டு பலகையோடு அந்தரத்தில் எழும்பி, பாய் சாயாமல் தண்ணீரில் இறங்கி, நிற்காமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். சனிக்கிழமைக்குள் அது வந்தாக வேண்டும்.

சனிக்கிழமைக்கு ஒரு காரணம் இருந்தது. போர்ட் பிளேருக்குத் தெற்கே ஒரு சின்ன வளைகுடாவில் இருக்கிறது அவள் வேலை பார்க்கும் நீர் விளையாட்டு மையம். அங்கே மெயின்லேண்டிலிருந்து ரூபா என்ற பயிற்சியாளர் ஒன்பது நாளைக்கு வந்திருந்தார். தமிழ்நாட்டுக் கடற்கரையில் மூன்று மாதப் பயிற்சிக்கு இங்கிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்க வந்தவர். பயிற்சி முடித்தவருக்குச் சான்றிதழ் கிடைக்கும், எந்தக் கடற்கரையிலும் பயிற்றுநராக வேலை பார்க்கலாம். பலத்த காற்றில் பிறருக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறவருக்கு ஒரு சின்னக் குதியாவது வர வேண்டும் என்பது ரூபாவின் நிபந்தனை. சனிக்கிழமை காலை ஆளுக்கு மூன்று வாய்ப்பு. இடம் ஒன்று. மையத்தில் வேலை பார்ப்பவர்களில் கேட்டவர்கள் இரண்டு பேர், ஜாக்குலினும் அஸ்வினும்.

ஜாக்குலினின் வீடு துறைமுகத்துக்கு அக்கரையில், பம்பூஃப்ளாட்டில். அப்பா சிலுவைராஜ் பத்தொன்பது வயதில் குமரிக் கடற்கரையிலிருந்து கப்பலேறி வந்தவர். வந்த நாள் முதல் டிங்கி என்கிற சின்ன எஞ்சின் படகும் வலையும்தான். அம்மா ஞானசெல்விக்கு ஒரே பிடிவாதம், பிள்ளை கடல் பக்கமே போகக் கூடாது, நாற்காலியில் உட்கார வேண்டும். அந்தப் பிடிவாதத்தில்தான் ஜாக்குலின் பி.காம். முடித்தாள். அவர்கள் இரண்டு பக்கச் சொந்தத்திலும் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் அவள். பட்டம் வாங்கிய படத்தை அம்மா மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, இரண்டுக்கும் சேர்த்துத் தூசி தட்டினார்.

அதற்குப் பிறகு கிளார்க் பரீட்சை இரண்டு முறை எழுதினாள். இரண்டு முறையும் பட்டியலில் பெயர் வரவில்லை. மூன்றாவது அறிவிப்பு வரும்வரை சும்மா இருப்பானேன் என்று இந்த மையத்தின் கவுண்டரில் சேர்ந்தாள். டூரிஸ்டுகளின் பெயர் எழுதி, கையெழுத்து வாங்கி, லைஃப் ஜாக்கெட் கொடுக்கிற வேலை. காலையில் படகேறி சாத்தம், அங்கிருந்து பஸ்ஸில் அபர்டீன் பஜார், பஜாரிலிருந்து ஷேர் ஆட்டோ. அம்மா அக்கம்பக்கத்தில் அதைக் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி வைத்திருந்தார்.

மத்தியானத்தில் கூட்டம் இருக்காது. ஒரு நாள் அந்த நேரத்தில் சும்மா கிடந்த பலகையைத் தள்ளிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். மற்றவர்கள் போகத் தெரிந்துகொண்ட பிறகு திரும்பத் தெரியாமல் தத்தளிப்பார்கள். அவள் முதல் நாளே தானாகத் திரும்பி வந்தாள். காற்று எங்கிருந்து வருகிறது என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அது கன்னத்திலேயே தெரிந்தது. இரண்டு சீசனில் முனையைச் சுற்றிப் போய்வர ஆரம்பித்தாள். தலைமுடியில் ஒட்டியிருந்த உப்பை வைத்து அம்மா கண்டுபிடித்தபோது வீட்டில் மூன்று நாள் பேச்சு இல்லை. அப்பாதான் ஒரு சாப்பாட்டு வேளையில் பேச்சைத் தொடங்கினார்.

"கடல் வேண்டாம்னு படிக்க வெச்சா, படிச்சிட்டு நீ கடல்லயே வந்து நிக்குற. டிங்கியில வந்திருந்தா மீனாச்சும் கிடைச்சிருக்கும்."

பகடியாகச் சொன்னதுதான். ஆனாலும் அது அவளுக்குள் ஒரு கேள்வியாக நின்றுவிட்டது. படகில் சாத்தத்துக்குப் போகும் பதினைந்து நிமிடத்தில் அந்தக் கேள்வியைத் தன்னிடமே பலமுறை கேட்டிருக்கிறாள். இதற்காகவா படித்தேன்? இல்லை என்றால் எதற்காக? மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் தன்னைக் கற்பனை செய்தால் யாரோ ஒருத்தியின் முகம்தான் வந்தது. அந்தப் பயிற்சி கிடைத்தால் கேள்விக்கு ஒரு பதில் இருக்கும். அம்மாவிடம் காட்ட ஒரு காகிதமும் இருக்கும். கடலில்தான் நிற்கிறேன், ஆனால் இதுதான் என் வேலை என்று சொல்லலாம்.

அஸ்வினின் நிலைமை வேறு. அவன் அப்பா முத்துகிருஷ்ணன் அரசு அலுவலகத்தில் சூப்பரிண்டெண்ட், விருதுநகர்க்காரர். குவார்ட்டர்ஸ் பையன். நீச்சலைக் குளத்தில், பயிற்சியாளர் வைத்துக் கற்றுக்கொண்டவன். ஜிம்னாஸ்டிக்ஸ் பழகிய உடம்பு, குதிப்பது அவனுக்கு மூன்றாம் நாளே வந்துவிட்டது. ஆனால் எந்த அலையில் குதிப்பது என்று தெரியவில்லை. கண்ணில் பட்ட அலை எல்லாவற்றின் மேலும் ஏறுவான். பாதி அலைகள் சப்பையாக இருக்கும், பலகை ஒரு சாண்கூட எழும்பாது.

அலை எங்கே நிமிர்ந்து நிற்கும் என்று ஜாக்குலினுக்குத் தெரியும். வளைகுடாவின் வலது முனையில் கறுத்த பாறை ஒன்று உண்டு. அதற்கு நேர் வெளியே தண்ணீருக்கடியில் கல்மேடு கிடக்கிறது. பார் என்று அப்பா சொல்வார். நீர் வற்றுகிற நேரத்தில் வாடைக்காற்றும் சேர்ந்தால், காற்று ஒரு பக்கம் தள்ள நீரோட்டம் எதிர்ப்பக்கம் இழுக்க, அந்தப் பாரின் மேல் அலை செங்குத்தாக எழும். அதை மேடாகப் பிடித்தால் கோழிகூடப் பறக்கும். போன ஞாயிற்றுக்கிழமை அஸ்வின் அவளிடம் சாதாரணமாகக் கேட்டான், இந்த வளைகுடாவில் எங்கே அலை நன்றாக வரும் என்று. அவள் எல்லா இடமும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டாள். தான் அங்கே போனால் ரெஸ்க்யூ போட்டிலிருந்து அவன் பார்த்துவிடுவானே என்று அவளும் அந்தப் பக்கம் போகவில்லை. சனிக்கிழமைக்கு என்று ஒளித்து வைத்தாள். ஒளித்து வைத்ததில் அவளுக்கே அது உதவாமல் போய்க்கொண்டிருந்தது.

புதன்கிழமை ரெஸ்க்யூ போட்டின் எஞ்சின் படுத்துவிட்டது. அதைச் சரிசெய்யும்வரை ஒரு டிங்கியை வாடகைக்குப் பேசச் சொன்னார் மையத்தின் மேனேஜர். ஜாக்குலின் அப்பாவைக் கேட்டாள். சிலுவைராஜ் துறைமுக வாயைச் சுற்றிக்கொண்டு டிங்கியோடு வந்து சேர்ந்தார். அஸ்வின் அவரோடு ஏறிக்கொண்டான். மகள் என்னதான் செய்கிறாள் என்று அவர் பக்கத்தில் இருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவள் விழுந்த ஒவ்வொரு முறையும் தலைத்துண்டை எடுத்து உதறி மறுபடி கட்டிக்கொண்டார்.

ஏழாவது தடவை விழுந்து, டிங்கியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவள் மூச்சு வாங்கியபோது அஸ்வின் அவளைப் பார்க்கவே இல்லை. எஞ்சின் கைப்பிடியில் இருந்த அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அலை ஒன்று வந்தது. சிலுவைராஜ் கைப்பிடியை முறுக்கி டிங்கியை ஏற்றினார். உச்சிக்கு வந்ததும் மணிக்கட்டு தானாகத் தளர்ந்தது. டிங்கி மெதுவாக மறுபக்கம் வழுக்கி இறங்கியது.

"ஜாக்கு, நீ ரேஸைக் குறைக்கிற" என்றான் அஸ்வின்.

"பலகையில எஞ்சினே இல்ல, ஏதுடா ரேஸ்?"

"பின்னாடி கை. உச்சிக்கு வர்றப்போ பின்னாடி கையைத் தளத்திடுற, பாய்ல இருக்கற காத்தெல்லாம் போயிடுது. அங்கிள் இப்ப பண்ணாரே, சேம் டு சேம்."

சிலுவைராஜுக்கு இது குற்றச்சாட்டு போலப் பட்டது.

"உச்சியில ரேஸைக் குறைக்காம விட்டா டிங்கி எளும்பிப் போய் அடிக்கும் தம்பி. அடிப்பலகை பிளந்துரும். உக்காந்திருக்கவன் நடுமுதுகும் போவும். சின்னப்பிள்ளையில இவ அம்மைக்குத் தெரியாம கைப்பிடியை இவ கையில குடுத்து நான்தான் படிப்பிச்சேன்."

"அங்கிள், இவளுக்கு எழும்பத்தான் வேணும்."

சிலுவைராஜ் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அப்பம் நான் படிப்பிச்சது தப்புங்கியா?"

"தப்பு இல்லப்பா. டிங்கிக்குச் சரி" என்றாள் ஜாக்குலின், தண்ணீருக்குள் இருந்தபடியே.

காரணம் தெரிந்துவிட்டது, இனி வந்துவிடும் என்று நினைத்தாள். வியாழக்கிழமை பத்தொன்பது தடவை விழுந்தாள். அலை அடிவாரத்தில் இருக்கும்போதே கையை இறுக்கு, இறுக்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போவாள். உச்சிக்கு வந்ததும் கை அவள் பேச்சைக் கேட்காது. எட்டு வயதிலிருந்து பழகிய கை அது. அன்று சாயங்காலம் அப்பா அவளிடம் பலகையைக் கரையில் போட்டுவிட்டு டிங்கிக்கு வரச் சொன்னார். அஸ்வினும் கூட இருந்தான். வளைகுடாவுக்கு வெளியே போனதும் சிலுவைராஜ் எழுந்து, எஞ்சின் பக்கத்து இடத்தை மகளுக்குக் கொடுத்தார்.

"உன் கை டிங்கிக்குத்தானே பயப்படுது? அப்பம் டிங்கியிலயே அதைத் தீத்துருவோம். ரேஸைக் குறைக்காம ஒரு அலையில ஏத்து."

அவள் வேண்டாம் என்றாள். அடிப்பலகையை அவர் போன வருடம்தான் மாற்றியிருந்தார். அந்த டிங்கியை அவர் எப்படித் துடைப்பார், எப்படித் தார் பூசுவார், யாராவது செருப்போடு ஏறினால் என்ன பேசுவார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

"ஒரு தடவை மக்ளே. ஒரே ஒரு தடவைதான். தம்பி, விளிம்பை நல்லாப் பிடிச்சுக்கோ."

அவள் முறுக்கினாள். அலை வந்தது. உச்சியில் மணிக்கட்டு தளரப் பார்த்தது. அப்பாவின் உள்ளங்கை அவள் கை மேல் வந்து உட்கார்ந்தது, அழுத்தவில்லை, சும்மா இருந்தது. டிங்கி மூக்கைத் தூக்கிக்கொண்டு எழும்பியது. ஒரு கணம் எஞ்சின் தண்ணீர் கிடைக்காமல் வெறுங்காற்றில் அலறியது. பிறகு மொத்த டிங்கியும் சிமெண்டுத் தரையில் விழுந்ததுபோல் கடலில் அடித்தது. அஸ்வினின் பல் நாக்கில் பட்டு ரத்தம் வந்தது. பலகை இடுக்கில் எங்கோ பிசின் விட்டு, கசிவாகத் தண்ணீர் உள்ளே வந்தது. சிலுவைராஜ் டப்பாவை எடுத்துத் தண்ணீரை இறைத்தபடி சொன்னார்.

"பாத்தியா, ஒண்ணும் ஆகல."

ஆகியிருந்தது. அந்த இடுக்கை அடைக்க அவருக்கு அன்று ராத்திரியில் பாதி போனது.

வெள்ளிக்கிழமை காலை நான்காவது அலையில் அவள் கை தளரவில்லை. ஏன் அந்த அலையில், ஏன் அதற்கு முந்தின மூன்றில் இல்லை என்று அவளுக்குத் தெரியாது. பாய் இறுகியபடியே இருந்தது. முழங்காலை மடக்கினாள். பலகைக்கு அடியில் எப்போதும் கேட்கும் சலசலப்பு சட்டென்று நின்றுபோனது. அந்த நிசப்தத்தை வைத்துத்தான் தான் தண்ணீரில் இல்லை என்று தெரிந்துகொண்டாள். பிறகு பலகையின் வால் தண்ணீரைத் தொட்டது, மூக்கு இறங்கியது, பாய் திரும்பவும் இழுத்தது, அவள் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு முழ உயரம்கூட இருந்திருக்காது. டிங்கியிலிருந்து அஸ்வின் காட்டுக்கத்தலாகக் கத்தியது காற்றில் வந்து சேர்ந்தது. சிலுவைராஜ் துண்டை உதறாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை சாத்தத்திலிருந்து படகில் வீட்டுக்குப் போகும்போது சந்தோஷத்தோடு வேறு ஒன்றும் அவளை அரித்தது. அஸ்வின் ஏன் சொன்னான்? சொல்லாமல் இருந்திருந்தால் அவள் சனிக்கிழமையும் விழுந்துகொண்டேதான் இருந்திருப்பாள், இடம் அவனுக்கு. அவன் கணக்குப் போட்டுச் சொன்னதாகவும் தெரியவில்லை. பார்த்தான், வாயில் வந்தது, சொன்னான். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று கேட்டுக்கொண்டாள். யோசிக்கவே தேவை இருக்கவில்லை. அவன் இடத்தில்தானே அவள் ஐந்து நாளாக இருக்கிறாள்? ஞாயிற்றுக்கிழமை அவன் நேருக்கு நேர் கேட்டும் வாயைத் திறக்கவில்லை. படித்தவள், முதல் பட்டதாரி, எத்தனையோ பேர் கைதூக்கிவிட்டு இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தவள். தனக்குக் கிடைத்ததை எல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளத் தெரிந்த அளவுக்குக் கொடுக்கத் தெரியவில்லையே என்று நினைத்தபோது முகம் சூடானது. அதே சமயம் இன்னொரு குரலும் பேசியது. அவனுக்கு அப்பாவின் குவார்ட்டர்ஸ் இருக்கிறது, உனக்கு இந்த இடத்தை விட்டால் என்ன இருக்கிறது? அந்தக் குரல் சொன்னதிலும் பொய் இல்லை. பம்பூஃப்ளாட் ஜெட்டி வந்த பிறகும் அவள் எதையும் முடிவு செய்யவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாடை நன்றாக வீசியது. நீர் வற்றிக்கொண்டிருந்தது. சீட்டுக் குலுக்கியதில் முதலில் அஸ்வின். ரூபா மணலில் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அஸ்வின் பலகையை இடுப்பளவு தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டு போனபோது ஜாக்குலின் பின்னாலேயே போனாள்.

"நேரா போகாத. வலது முனையில கறுப்புப் பாறை இருக்குல்ல, அதுக்கு நேரா வெளிய போ. அடியில பார் இருக்கு. நீர் வத்தறப்போ அங்கதான் அலை செங்குத்தா நிக்கும்."

அவன் திரும்பிப் பார்த்தான். "இது எப்போ இருந்து தெரியும் உனக்கு?"

"எட்டு வயசுல இருந்து."

"அரே, அன்னிக்குக் கேட்டேனே. எல்லா இடமும் ஒண்ணுதான்னு சொன்ன?"

"தெரிஞ்சுதான் சொன்னேன்."

அவன் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. திட்டுவான் என்று எதிர்பார்த்தாள், திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவன் கால் வாரில் காலை நுழைத்துக்கொண்டே, "பெரிய ஆளுப்பா நீ" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனான்.

மூன்று வாய்ப்பில் இரண்டை அவன் சுத்தமாக இறக்கினான். அந்த அலைகளில் அவன் எழும்பியதைப் பார்த்தபோது ஜாக்குலினுக்கு ஒரு பக்கம் பயமாகவும் ஒரு பக்கம் நிம்மதியாகவும் இருந்தது.

அடுத்து அவள். முதல் வாய்ப்பில் பழைய கை திரும்பி வந்துவிட்டது. உச்சியில் தளர்ந்தது, மூக்கு குத்தியது, விழுந்தாள். இரண்டாவதற்குப் பாரின் மேல் நல்ல அலைக்காகக் காத்திருந்தாள். வந்தது. பிடித்த பிடியை விடவில்லை. வெள்ளிக்கிழமை கிடைத்ததைப்போல் இரண்டு மடங்கு உயரம். கீழே கடல் தனியாகவும் தான் தனியாகவும் இருப்பதை நிதானமாகப் பார்க்க நேரம் இருந்தது. இறங்கி, பாய் சாயாமல் ஓடினாள். மூன்றாவதில் எழும்பினாள், இறங்கினாள், இறங்கிய பிறகு கால் இடறிப் பாயோடு சாய்ந்தாள்.

ரூபா பேசுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. அன்று பார்த்ததில் உயரமான குதி ஜாக்குலினுடையதுதான் என்று இந்தியில் சொன்னார். ஆனால் இரண்டு இரண்டுதான், ஒன்று ஒன்றுதான், இடம் அஸ்வினுக்கு. அடுத்த பேட்ச் வந்தால் அவள் பெயரைச் சொல்வதாகவும், அது வருமா என்று தனக்கே தெரியாது என்றும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். ஜாக்குலின் தலையாட்டினாள். கவுண்டருக்குப் பின்னால் போய்க் குழாயில் முகம் கழுவினாள். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்ற எண்ணம் வரத்தான் செய்தது. அதைத் துரத்தாமல் வரவிட்டாள். வந்தது, கொஞ்ச நேரம் நின்றது. சொல்லாமல் இருந்திருந்தால் இப்போது அஸ்வின் முகத்தை எப்படிப் பார்ப்போம் என்று யோசித்தபோது அது தானாகப் போய்விட்டது.

அஸ்வின் பூர்த்தி செய்ய வேண்டிய படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றான்.

"உன் பார் இல்லன்னா எனக்கு ஒண்ணும் கிடைச்சிருக்காது, ஜாக்கு."

"நீ சொல்லலன்னா நான் இந்த ஜென்மத்துல எழும்பியிருக்க மாட்டேன்" என்றாள். "தேங்க்ஸ்டா" என்றபோது அது போதாத வார்த்தையாக இருந்தது. போதாது என்று அவனுக்கும் தெரிந்தது போலிருந்தது. "ரெஸ்க்யூ போட் ரெடியாயிடுச்சு, நான் பின்னாடி வர்றேன். இன்னும் நாப்பது நிமிஷம் நீர் வத்தும், சும்மா விடுவானேன்?" என்று சொல்லிவிட்டு அவன் படிவத்தைக் கவுண்டரில் வைத்து அதன் மேல் பேப்பர்வெயிட்டைத் தூக்கி வைத்தான்.

ஜாக்குலின் பலகையைத் தள்ளிக்கொண்டு இறங்கினாள். யாரும் அழைக்காமலேயே அன்று தன் டிங்கியில் வந்து, தேர்வு முடியும்வரை தூரத்தில் நங்கூரம் போட்டிருந்த சிலுவைராஜ், இப்போது மகளைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று நகர்ந்து வந்திருந்தார். வந்தவர் சரியாகப் பாரின் மேலேயே டிங்கியை நிறுத்தியிருந்தார்.

"ப்பா, தள்ளிப் போங்க. அந்த அலை எனக்கு வேணும்."

"கடலையே வெலைக்கு வாங்குனாப்ல பேசுதா பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் நங்கூரக் கயிற்றை இழுக்க ஆரம்பித்தார்.